சைவக் கோழிப்பண்ணை

அந்த மூட்டையை இந்த ஓரமா வை கண்ணு. அந்தப் பக்கம் ஒழுகும். மழை வந்தால் நேரா அங்கதான் சொட்டும். ஆமா, அந்தப் பொட்டலத்துல என்ன, கருவாடா? நீ ஆட்டோவை விட்டு இறங்கும்போதே எனக்கு வாசம் வந்துடுச்சு. நெத்திலியா? எடுத்து என் கையில குடு. பயப்படாத, திங்க மாட்டேன். வெளிய பஸ் ஸ்டாப் கடைக்காரர்கிட்டக் குடுத்து வெக்கிறேன், வேணுங்கறப்போ அங்க போய் வறுத்துத் தின்னுட்டு வரலாம். கேட்டுக்குள்ள கூடாது. வரும்போது போர்டு பார்த்தல்ல? பச்சைப் பெயிண்ட்ல பெரிய எழுத்து. "எல்லா உயிரும் நம் உறவு. வளாகத்துக்குள் அசைவம் சமைக்கவோ உண்ணவோ கூடாது." அதுக்குக் கீழதான் தினமும் முட்டை லாரி போகும். முதல்ல போர்டைக் கொஞ்சம் தாழ்வா மாட்டிட்டாங்க, லோடு உயரமா ஏத்தினால் இடிக்குதுன்னு எங்க வீட்டுக்காரர்தான் ஏணி போட்டு அரை அடி தூக்கி மாட்டினார்.

சிரிக்காத. நானும் முதல்ல சிரிச்சவள்தான்.

உம் பேரென்ன சொன்ன, வளர்மதியா. நான் கோகிலவாணி, நாலாம் நம்பர் ரூம். இந்த அஞ்சு இனிமே உன்னது. எங்க வீட்டுக்காரர் மாதேசு, லாரி ஓட்டறார், வாரத்துல மூணு நாள் கேரளா. இவள் மிதுனா. மூணரை வயசு ஆச்சு. அக்காவுக்கு வணக்கம் சொல்லு சாமி. சொல்ல மாட்டாள். பார்க்க ரெண்டு வயசு மாதிரிதான் இருப்பாள், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எல்லாரும் சொல்லிட்டாங்க.

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் மூணாம் ஷெட்டுன்னு சூப்பர்வைசர் நாச்சிமுத்து அண்ணன் சொல்லியிருப்பார். காலையில ஆறு மணி. முட்டை பொறுக்கி அட்டையில அடுக்கணும், அட்டைக்கு முப்பது. மொத்தம் அறுபதாயிரம் கோழி. அதுல கீறல் விட்ட முட்டை தனியா எடுத்து வெக்கணும். முன்னெல்லாம் அந்தக் கீறல் முட்டைதான் நமக்கு. ஆளுக்கு அஞ்சாறு, யாரும் எண்ண மாட்டாங்க. நான் இந்தப் பண்ணைக்கு வந்ததே அதுக்காகத்தான்னு வெச்சுக்கோ. மிதுனா பிறந்ததே ரெண்டு கிலோ. புள்ளைக்குத் தினம் ஒரு முட்டை கிடைக்கும், வேறென்ன வேணும்னு கட்டின துணியோட கிளம்பி வந்தோம். இப்போ அந்த முட்டையெல்லாம் பேக்கரிக்கு வேன்ல போயிடுது. கேக்காப் போனால் பாவம் இல்லையாம். கேட்டுக்கு வெளியதானே.

இதெல்லாம் யாரால வந்ததுன்னு கேளு. இந்த ரூம்ல உனக்கு முன்னாடி இருந்தாளே, அந்த இந்திக்காரியால.

பேரு புத்னி. நம்ம லைன்ல எல்லாரும் புதினான்னு கூப்பிடுவோம். புருசன் சோம்ரா, தீவனம் அரைக்கிற மிசின்ல வேலை. ஜார்கண்ட். இந்திக்காரி இந்திக்காரின்னு சொல்றோமே தவிர, அவளுக்கு இந்தியே சரியா வராதாம், அவங்க ஊர்ப் பாஷை வேற என்னமோவாம். அதையெல்லாம் யார் விசாரிச்சா. மழை விட்டால் போதும், ஒரு வாளியைத் தூக்கிட்டு வாய்க்காலுக்குப் போவாள். வாளி நிறைய நத்தை பொறுக்கிட்டு வருவாள். ஒரு நாள் தண்ணியில போட்டு வெச்சு, கொதிக்க வெச்சு, ஊக்கால ஒவ்வொண்ணாக் குத்தி இழுத்து, கடுகெண்ணெயில வதக்குவாள். அந்தக் கடுகெண்ணெய் வாசம் இருக்கே, சுவரைத் தாண்டி என் அரிசிப் பானைக்குள்ள வந்து உக்காரும்.

நான் ஒண்ணும் சைவம் இல்லை கண்ணு. ஆடு, கோழி, மீன், தலைக்கறி, குடல், ரத்தப் பொரியல், எதையும் விட்டு வெச்சதில்லை. ஆனா நத்தை? அதுவும் ஒரு உயிர்தானே. அது பாட்டுக்கு ஊர்ந்துக்கிட்டுக் கிடக்கு, யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? அதைப் போய் கொதிக்கிற தண்ணியில போடறதுன்னா மனசு வேண்டாமா.

அதைத்தான் பேச்சுவாக்குல சுலோச்சனாம்மாகிட்டச் சொன்னேன். சுலோச்சனாம்மாதான் நம்ம மொதலாளியம்மா. போன ஆவணியில எங்கயோ மலையடிவாரத்துல ஒரு ஆசிரமத்துக்குப் பத்து நாள் முகாம் போயிட்டு வந்திருந்தாங்க. போகும்போது நம்மள மாதிரி, வரும்போது முழுச் சைவம். பால் கூட வேண்டாமாம், கன்னுக்குட்டிக்குத் துரோகமாம். வந்ததும் லைன் பக்கம் வந்து ஒவ்வொருத்தரா விசாரிச்சாங்க. நான் சொன்னேன், "அம்மா, பக்கத்து ரூம்ல உயிரோட போட்டு வேக வெக்கிறாள்மா, பார்க்கவே பாவமா இருக்கு"ன்னு. அவங்க கண்ணு கலங்கிடுச்சு. எனக்குக் கூட பெருமைதான், நம்ம ஒரு வார்த்தைக்கு மொதலாளியம்மா கண் கலங்குறாங்களேன்னு.

அடுத்த வாரம் போர்டு வந்துடுச்சு.

நான் நத்தையைத்தான் சொன்னேன். அவங்க எல்லாத்தையும் எழுதிட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அவள் நத்தையைத் தின்னதால வந்த வினைதானே.

போர்டு வந்த நேரம் புரட்டாசி. யாருக்கும் ஒண்ணும் தெரியலை. நம்ம ஊர்ல புரட்டாசின்னா நாமளே கறிச்சட்டியைக் கழுவிப் பரண்ல கவுத்துடுவோம். சனிக்கிழமை நாமம் போட்டுப் பெருமாளுக்குத் தளிகை வேற. சுலோச்சனாம்மாவுக்கு ஒரே சந்தோசம், "பாருங்க, நம்ம ஜனங்க எவ்வளவு நல்லவங்க, ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை"ன்னு மொதலாளிகிட்டச் சொன்னாங்களாம். அப்புறம் ஐப்பசி பிறந்துச்சு. ஊருக்கே விரதம் முடிஞ்சுது, எங்களுக்கு மட்டும் முடியலை. தீபாவளி அன்னிக்கு விடிகாலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு இட்லியும் கறிக்குழம்பும் தின்னாத்தானே தீபாவளி? எங்க லைன்ல எட்டு ரூம் ஜனமும் புதுத்துணி உடுத்திக்கிட்டு, ஆளுக்கொரு தூக்குப் போசியோட கேட்டுக்கு வெளிய தார் ரோட்டு ஓரம் உக்காந்து கறி தின்னோம். பஸ்ல போறவங்க எல்லாம் என்னமோ போராட்டம்னு எட்டிப் பார்த்தாங்க. சுலோச்சனாம்மா கார்ல வந்து இறங்கி, எல்லாருக்கும் ஆளுக்கொரு கடலை உருண்டைப் பொட்டலம் குடுத்துட்டுப் போனாங்க. கோபமே படலை. அதுதான் அவங்ககிட்ட உள்ள கஷ்டம். கோபப்பட்டாங்கன்னா நாமளும் நாலு வார்த்தை பேசலாம்.

ஒரு நாள் கேட்டே பார்த்துட்டேன். "அம்மா, கறி மீனை விடுங்க. சேவலே இல்லாத பண்ணை, அடை வெச்சாலும் பொரிக்காத முட்டை. அதுல என்னம்மா உயிர் இருக்கு? என் புள்ளைக்காகக் கேக்குறேன்."

"முட்டையில உயிர் இல்லை வாணி. ஒத்துக்கறேன்," அப்படின்னாங்க. "அதை இட்ட கோழிக்கு இருக்குல்ல? றெக்கையை விரிக்க இடமில்லாத கூண்டுக்குள்ள ஒண்ணரை வருசம் நிக்குது. நீ தினமும் அதைத் தாண்டித்தானே போறே. ஒரு நாளாவது அதும் மூஞ்சியைப் பார்த்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கு சாயங்காலம் ஷெட்டுல ஒண்ணோட மூஞ்சியைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்துச்சு. கம்பியில தேய்ஞ்சு கழுத்துல முடியே இல்லை. அப்புறம் ஒரு வாரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டே முட்டை பொறுக்கினேன். அவங்க சொன்னது ஒண்ணும் தப்பில்லை.

ஆனா அவங்க சொன்ன அப்பவே கேட்டேன் பாரு, "அப்போ அதுகளைத் திறந்து விட்டுடலாமேம்மா?"

"தொழில் அவரோடது வாணி. என் வயித்துக்குள்ள போறதுக்குத்தான் நான் பொறுப்பு."

சரி, அவங்க வயித்துக்கு அவங்க பொறுப்பு. என் வயித்துக்கும் என் புள்ளை வயித்துக்கும் யார் அவங்களைப் பொறுப்பாப் போட்டதுன்னு நான் கேக்கலை. வேலை வேணுமே.

இன்னொரு கூத்து சொல்றேன் கேளு. இந்தக் கேட்டுக்குள்ள இன்னிக்கும் அசைவம் தின்னுக்கிட்டு இருக்கறது யார் தெரியுமா? கோழிங்கதான். தீவனத்துல மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல், அதோட கருவாட்டுத் தூள். மூட்டை மூட்டையா வருது. முட்டை ஓடு ஒரு வாரம் மெலிசாப் போச்சுன்னா போதும், கோழி டாக்டர் ஜீப்புல ஓடி வருவார். கணக்குப் போட்டுக் கருவாட்டுத் தூளைக் கூட்டச் சொல்லுவார். "டாக்டர், அப்படியே எம்புள்ளையையும் ஒரு பார்வை பாருங்க, இதுக்கும் எலும்பு மெலிசா இருக்கு"ன்னு ஒரு நாள் சொன்னேன். அவர் சிரிச்சுட்டுப் போயிட்டார்.

நமக்கும் டாக்டர் மாதிரி ஒருத்தர் வராம இல்லை. கோயமுத்தூர்ல இருந்து ஊட்டச்சத்து மேடம்னு ஒருத்தரைச் சுலோச்சனாம்மா கூட்டிட்டு வந்தாங்க. தீவனக் குடோன்ல ஜமுக்காளம் விரிச்சு எங்களை உக்கார வெச்சாங்க. அந்த மேடம் நல்ல பொண்ணு, சும்மா குறை சொல்லக் கூடாது. அரிசியும் பருப்பும் சேர்த்துத் தின்னால் உடம்புக்கு வேண்டிய புரதம் வந்துடும்னு சொல்லிச்சு. கீரை தின்னும்போது எலுமிச்சை பிழிஞ்சால்தான் இரும்புச் சத்து ஒட்டும், சாப்பிட்டதும் டீ குடிக்காதீங்கன்னு சொல்லிச்சு. நான் இன்னிக்கும் பிழியறேன். அதுக்கப்புறம் தினம் பத்து பாதாம், நூறு கிராம் காளான்னு ஆரம்பிச்சுது. நாச்சிமுத்து அண்ணன் எழுந்து வெத்தலை துப்பப் போயிட்டார்.

நான் கை தூக்கினேன். "மேடம், ஒரு முட்டைக்குப் பதிலா புள்ளைக்கு எவ்வளவு பருப்பு குடுக்கணும்?"

"வெந்த பருப்பு கெட்டியா ஒரு கிண்ணம் குடுங்கம்மா. இதோ இந்த அளவு."

"அவள் வயிறே அந்தக் கிண்ணத்துல பாதிதான் மேடம்."

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கலை. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை குடுங்கக்கா, நல்லெண்ணெய், வேர்க்கடலை சேருங்க. பக்கத்துலயே இருந்து ஊட்டணும்"னு சொல்லிச்சு. அஞ்சாறு வேளை பக்கத்துல இருக்கறதுக்கு நான் ஷெட்டுல இருக்கேனா, வீட்டுல இருக்கேனா? அங்கன்வாடியில முட்டை போடறாங்கதான். அது மூணு கிலோமீட்டர். கொண்டு போய் விட்டுட்டு மறுபடி கூட்டிட்டு வர யார் இருக்கா? மாசம் ஒரு தடவை எடை போடற அன்னிக்கு மட்டும் லீவு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போவேன்.

சுலோச்சனாம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. காலு மரத்துப் போகுதுன்னு டாக்டர்கிட்டப் போனாங்க, ஏதோ வைட்டமின் குறைச்சல்னு மாசம் ஒரு ஊசி போட்டுக்கறாங்க. சைவத்துக்குப் பக்கத்துலயே ஊசியும் வெச்சிருக்காங்க, நல்ல ஏற்பாடு.

சரி, எடைக்கு வர்றேன். ஆவணியில மிதுனா பதினொண்ணு நானூறு. அங்கன்வாடி அட்டையில பச்சைக் கோட்டுல ஒட்டிக்கிட்டு இருந்தாள். ஐப்பசியில பத்து அறுநூறு. டீச்சர் மஞ்சள்ல புள்ளி வெச்சாங்க. "வாணி, இதுக்குக் கீழ சிவப்பு. சிவப்புக்குப் போனால் டவுன் ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாள் சேர்க்கணும்"னாங்க. நான் வீட்டுக்கு வந்து உக்காந்து அழுதேன். அழுதுட்டு எழுந்திரிச்சேன், அழுதால் எடை ஏறுமா?

அப்புறம் பாரு என் வைராக்கியத்தை. முருங்கைக்கீரையை உருவி நிழல்ல காய வெச்சுப் பொடி பண்ணினேன். ராகிக் களி, பச்சைப் பயிறு, நிலக்கடலை, வெல்லம், அதுக்கு மேல எலுமிச்சை. காலையில அஞ்சு மணிக்கு ஊட்டுவேன், பத்து மணி டீ டயத்துல ஓடி வந்து ஊட்டுவேன். பாதியைத் துப்புவாள். துப்பினதை மறுபடி ஊட்டுவேன். நடுவுல பகல் எல்லாம் லைன்லதான் விளையாடிக்கிட்டு இருப்பாள். புதினாவுக்கு மத்தியான ஷிப்ட்டு, அவள் ஒரு கண்ணு பார்த்துக்குவாள். வேற யாரும் கிடையாது.

கார்த்திகையில பதினொண்ணு இருநூறு. மார்கழியில பதினொண்ணு தொள்ளாயிரம்.

அங்கன்வாடி டீச்சர் என்னை முன்னாடி நிக்க வெச்சு, "என்ன குடுத்தீங்கன்னு மத்த அம்மாமாருக்குச் சொல்லுங்க"ன்னாங்க. நான் சொன்னேன். எனக்கு மேடைப் பேச்செல்லாம் பழக்கமில்லை, எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், ஆனா அன்னிக்குக் கால் மணி நேரம் பேசினேன். முட்டை இல்லைன்னு அழாதீங்க, கைக்கு எட்டற தூரத்துல முருங்கை மரம் இருக்குன்னு கூடச் சொன்னேன். டீச்சர் கை தட்டினாங்க.

விசயம் சுலோச்சனாம்மா காதுக்குப் போச்சு. ஓடி வந்தாங்க. மிதுனாவுக்குப் பவுடர் போட்டு, பொட்டு வெச்சு, கையில ஒரு கேரட்டைக் குடுத்துப் படம் பிடிச்சாங்க. இவள் வாழ்க்கையில கேரட்டைப் பச்சையாத் தின்னதில்லை. ஆசிரமத்து வாட்ஸப் குரூப்ல போட்டாங்களாம், "தூய சைவ உணவில் இரண்டே மாதத்தில் எடை கூடிய குழந்தை"ன்னு. எண்ணூறு பேர் கும்பிடு போட்டிருந்தாங்க. நானும் பக்கத்துல நிக்கிறேன், என் பச்சைப் புடவையில. எங்க வீட்டுக்காரர் கேரளாவுல லாரி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினார்.

அந்தப் படம் போட்டு மூணாவது நாள். ஒரு ஷெட்டுல தண்ணிக் குழாய் உடைஞ்சு, எங்களைப் பதினொரு மணிக்கே விட்டுட்டாங்க. வந்து பார்த்தால் இவளைக் காணோம். லைனைச் சுத்திப் பின்னாடி போனேன். அங்க, குடோன் சுவருக்கும் வேலிக்கும் நடுவுல, மூணு கல்லைக் கூட்டி அடுப்பு வெச்சிருக்காள் புதினா. எதிர்ல இவள் குத்த வெச்சு உக்காந்திருக்காள். அவள் ஊக்கால குத்தி இழுத்து நீட்டுறாள், இவள் வாயைத் திறக்குறாள். நான் துப்பத் துப்ப ஊட்டுறேன், இங்க இவள் "கோங்கி, கோங்கி"ன்னு கேட்டுக் கேட்டு வாங்குறாள். கோங்கின்னா அவங்க பாஷையில நத்தையாம். பக்கத்துல கிடக்கற நத்தை ஓடுகளைப் பார்த்தால் ஒரு நாள் ரெண்டு நாள் கதை இல்லை. ஒரு குவியல்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. நான் ஒரு தாய் இல்லையா. போட்டேன் ஒரு சத்தம். என்ன பேசினேன்னு எனக்கே நினைவில்லை. அவள் ஊக்கைக் கையில வெச்சுக்கிட்டு, "பாப்பா பசி. பாப்பா எலும்பு," அப்படின்னாள். அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான். ஊர்ல ரெண்டு புள்ளைங்களை விட்டுட்டு வந்தவளாம், அப்புறம்தான் தெரிஞ்சுது.

நாச்சிமுத்து அண்ணன் ஓடி வந்தார். "என்ன வாணி, என்ன சத்தம்?"

"நத்தை சமைக்கிறாள் அண்ணா. கேட்டுக்குள்ள."

கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் உண்டா? யார் தின்னதுன்னு அவர் கேக்கலை, நானும் சொல்லலை. படம் போட்டு மூணு நாள்தான் ஆகுது, எண்ணூறு பேர் கும்பிட்டிருக்காங்க, சுலோச்சனாம்மா மனசு என்ன பாடுபடும்? அவங்களுக்காகத்தான் நான் சொல்லலை. புதினா சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும். இவளைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லலை. தரையைப் பார்த்துக்கிட்டே சட்டியை இறக்கி வெச்சாள்.

மறுநாள் ரெண்டு பேரையும் அனுப்பிட்டாங்க. சுலோச்சனாம்மா கோபப்படலை, பஸ் செலவுக்கு மேலயே குடுத்து அனுப்பினாங்க, ஒரு பொட்டலம் கடலை உருண்டையும். நான் போய்க் கோள் சொல்லலை கண்ணு, நல்லாக் கேட்டுக்கோ. என் புள்ளையைக் காணோம்னு சத்தம்தான் போட்டேன். சத்தம் கேட்டு நாலு பேர் வந்தால் நான் பொறுப்பா? கேட்டுல நின்னு அவள் மிதுனாகிட்ட என்னமோ சொன்னாள். இவளும் அந்தப் பாஷையிலேயே பதில் சொன்னாள், நீளமா. எனக்கு ஒண்ணும் புரியலை. எம்புள்ளை பேசறது எனக்குப் புரியலை.

சரி விடு. கடுகெண்ணெய் வாசம் போச்சு.

தையில பதினொண்ணு ஐந்நூறு. மாசியில பத்து எழுநூறு. நான் எதையும் குறைக்கலை. அதே முருங்கைப் பொடி, அதே ராகி, அதே எலுமிச்சை. வைராக்கியம் கூடக் கூடினதுதான். வெளிய கடையில முட்டை வேக வெச்சு வாங்கி, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு ஊட்டிப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கிறாள். தலையை ஆட்டி ஆட்டி "கோங்கி"ங்கறாள். டீச்சர் மறுபடியும் மஞ்சள்ல புள்ளி வெச்சுட்டு, சிவப்புக் கோட்டுக்கு விரல்கடை அளவு தூரம் காட்டினாங்க. காட்டிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "நீங்களே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவங்க. புதுசா ஒண்ணும் வேண்டாம் வாணி. அந்த ரெண்டு மாசம் என்ன குடுத்தீங்களோ, அதையே குடுங்க."

நான் சரிங்க டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்ல?

வர்ற வியாழக்கிழமை மறுபடி எடை. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. அஞ்சு நாள்ல என்ன ஏறிடப் போகுது, ஆனா இறங்காம நின்னாலே போதும்.

நீ எந்த ஊர்னு சொன்ன, லால்குடிப் பக்கமா. கொள்ளிடக் கரை. நாச்சிமுத்து அண்ணன் வாயிலிருந்து லால்குடின்னு வந்ததும், நான் போய் சாமானை இறக்கிக் குடுக்கிறேன்னு வந்துட்டேன். வாய்க்கால், வயல்னு வாழ்ந்த ஊரு. அங்கெல்லாம் மழைக் காலத்துல நண்டு, நத்தை எல்லாம் சர்வ சாதாரணம்னு கேள்விப்பட்டிருக்கேன். சும்மாதான் கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. உங்க அம்மா செய்வாங்களா? நீ பார்த்திருக்கியா?

இங்க வா. மெதுவா. என் ரூம் கதவுக்குப் பின்னாடி, அந்த முறத்தைத் தூக்கிப் பாரு. நேத்து போயிட்டு வந்தேன். பங்குனியில வாய்க்கால்ல ஏது தண்ணி? முழங்கால் அளவு சேத்துல இறங்கித் துழாவினேன், முப்பத்தேழு கிடைச்சுது. வழுக்குது, சனியன், ஒவ்வொண்ணையும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்தேன். ஒரு நாள் தண்ணியில கிடக்கணும்னு தெரியும், கிடக்கு. அதுக்கு மேல தெரியலை. எது திங்கற பாகம், எதைக் கழிக்கணும்? எவ்வளவு நேரம் வேகணும்? குக்கர்ல வெச்சால் ஆகுமா? தப்பாச் செஞ்சு புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?

கடுகெண்ணெய்யும் வாங்கிட்டேன். அந்த வாசம் இல்லாட்டி இவள் ஏமாற மாட்டாள்.

நாலு மணிக்கு நாச்சிமுத்து அண்ணன் டீ குடிக்கப் போவார், அரை மணி நேரம் கிடைக்கும். கதவைச் சாத்திக்கலாம். ஆனா இந்தச் சுவர் மேல வரைக்கும் கிடையாது, பார்த்தியா. வாசம் வேற எங்கயும் போகாது, நேரா உன் ரூமுக்குத்தான் வரும்.

நாளைக்குச் சுலோச்சனாம்மா வருவாங்க. புது ஆள் வந்தால் கட்டாயம் வருவாங்க. பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, ரூம் எப்படி இருக்கு, அக்கம்பக்கம் எப்படி, ஏதாவது சங்கடம் இருந்தால் சொல்லும்மான்னு கேப்பாங்க. அன்பாத்தான் கேப்பாங்க. என்கிட்டயும் அப்படித்தான் கேட்டாங்க.

நீ என்ன சொல்லுவ கண்ணு?